பழைய ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வெர்ட்டர் லாக்கப் கோளாறு: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை பக்கம் இப்போது பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் நிறையவே ஓடுகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ யாரோ ஓட்டி முடித்த வண்டி, மூட்டுவலியால் கிளட்ச் மிதிக்க முடியாத அப்பாவுக்காக இங்கே வந்து சேர்கிறது. வாங்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் "ஹைவேயில் எஞ்சின் கத்துது, ஆனா வேகம் வரலை", "அறுபதில் போனா உதறுது" என்று ஆரம்பிக்கும். மெக்கானிக் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பார். அதற்குச் சரி சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

லாக்கப் என்றால் என்ன? அது கியர்பாக்ஸில் எங்கே இருக்கிறது?

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் உருண்டையான இரும்புக் கூடுதான் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே முழுக்க ஆயில். எஞ்சின் பக்கத்து இறக்கைகள் ஆயிலைத் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் அந்த ஓட்டத்தில் சுழலும். இரண்டையும் இணைப்பது ஆயில் மட்டும்தான். அதனால்தான் பிரேக்கில் கால் வைத்து டி-யில் நின்றாலும் வண்டி ஆஃப் ஆவதில்லை.

ஆயில் வழியாகப் போகும் விசையில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் உண்டு. சீரான வேகத்தில் போகும்போதுகூட எஞ்சின் சுற்றுவதைவிடக் கியர்பாக்ஸ் பக்கம் சில சதவீதம் குறைவாகவே சுற்றும். வழுக்கியதெல்லாம் சூடாகத்தான் மாறும். இதைத் தவிர்க்கக் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் பிளேட் வைத்திருக்கிறார்கள். வேகம் நிலைப்பட்டதும் அது கூட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டிவிடும். இதுதான் லாக்கப். எப்போது பூட்டுவது என்று வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அதன் உத்தரவைக் கேட்டு ஆயில் அழுத்தத்தைத் திருப்பி விடுவது லாக்கப் சொலினாய்டு என்ற மின்வால்வு.

எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் இது இருக்குமா?

இருக்காது. மாருதி எஸ்எக்ஸ்4, ஏ-ஸ்டார், ஹூண்டாய் ஐ10, ஃப்ளூயிடிக் வெர்னா, கரோலா ஆல்டிஸ் ஆகியவற்றின் 4 கியர் ஆட்டோமேட்டிக்கிலும், 2008இல் வந்த ஹோண்டா சிட்டியின் 5 கியரிலும் உண்டு. இந்தியாவில் 2014இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகையில் இது கிடையாது. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கும் வேலையை மோட்டார் செய்கிறது. ஏஎம்டி வண்டி உதறினால் அதற்கு வேறு வைத்தியம், இந்தப் பக்கம் உதவாது.

எந்த வேகத்தில் லாக் ஆக வேண்டும்?

வேகம் மட்டும் போதாது. எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும், மேல் கியருக்கு வந்திருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் ஒரே நிலையில் இருக்க வேண்டும், பிரேக்கில் கால் இருக்கக் கூடாது. இவை எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்கள் 60 – 70 கிலோமீட்டர் வேகத்துக்குள் லாக் ஆகிவிடும்.

இங்கே ஒரு விஷயம். ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர், வாய்க்கால் பாலம் வந்தால் வளைவு, அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் காயும் நெல் என்று இருக்கும் நம் உள்ரோடுகளில் லாக்கப் வந்து வந்து போகும், அல்லது வரவே வராது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போய்விட்டு "லாக்கப் வேலை செய்யலை" என்று முடிவு கட்ட வேண்டாம். தஞ்சாவூர் – திருச்சி நான்குவழிச் சாலையில் வல்லம் தாண்டிப் பாருங்கள்.

வேலை செய்கிறதா என்று நானே பார்ப்பது எப்படி?

வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்குங்கள். சமதளமான நேர்ரோட்டில், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 80இல் நிலையாகப் பிடியுங்கள். ஆர்பிஎம் முள்ளைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும். ஆக்ஸிலேட்டரை அசைக்காமல், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலை மெல்லத் தொட்டு விடுங்கள். லாக்கப் வேலை செய்தால் முள் 200 – 400 வரை சட்டென்று ஏறி, சில நொடிகளில் திரும்ப இறங்கும். ஏறியது லாக் விடுபட்டதால், இறங்கியது மறுபடி பூட்டியதால். முள் அசையவே இல்லையென்றால் லாக்கப் வரவில்லை என்று பொருள்.

வண்டி நன்றாக இருக்கும்போதே 80இல் எத்தனை ஆர்பிஎம் காட்டுகிறது என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வண்டிக்கு வண்டி இது மாறும், அடுத்தவர் சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

லாக்கே ஆகவில்லை. மெக்கானிக் கன்வெர்ட்டர் போச்சு என்கிறார். நம்பலாமா?

முதல் நாளே நம்ப வேண்டாம். லாக் ஆக வேண்டாம் என்று கம்ப்யூட்டரே தடுத்து நிறுத்தக் காரணங்கள் பல, அவற்றில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பவை.

பட்டியலில் முதலில் நான் வைப்பது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. நம் ஊரில் வண்டி ஒருமுறை ஹீட் ஆனால் போதும், "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிந்துவிடுவார்கள். மேனுவல் காரில் இதனால் மைலேஜ் மட்டும் போகும். ஆட்டோமேட்டிக்கில் லாக்கப்பும் போகும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் ஹைவே காற்று ரேடியேட்டரில் அடிக்க அடிக்க கூலண்ட் சூடு ஏறாமல் நின்றுவிடும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் லாக்கப்பைக் கொடுக்காது, சில வண்டிகளில் டாப் கியரையும் கொடுக்காது. வேடிக்கை என்னவென்றால் டவுன் நெரிசலில் சூடு ஏறிவிடும், ஆனால் அங்கே லாக்கப் தேவைப்படாது. ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் கருவி) கூலண்ட் சூட்டைப் பார்த்தபடி ஹைவேயில் ஓட்டுங்கள். 80 டிகிரியைத் தாண்டி நிலையாக நிற்க வேண்டும். ஐம்பது, அறுபதில் தடுமாறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. செலவும் கம்மி.

அடுத்தது பிரேக் லைட் ஸ்விட்ச். பிரேக்கில் கால் இருப்பதாகச் சிக்னல் போனால் லாக்கப் வராது. பல கார்களில் பிரேக் பெடல் மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குமிழ் இருக்கும், அது போய்த்தான் ஸ்விட்சை அழுத்தும். பத்து வருடத்தில் அது நொறுங்கி கால்மிதியில் துண்டு துண்டாக விழுந்து கிடக்கும். குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுவோம். அதற்கப்புறம் பிரேக் லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், லாக்கப் வராது, நிறுத்தி வைத்தால் பேட்டரியும் இறங்கும். ராத்திரி வண்டியைச் சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தி, பெடலைத் தொடாமல், சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது எலி. வயல் அறுவடை முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், பானெட்டுக்குள் குடியேறும். கியர்பாக்ஸ் மேலே போகும் சென்சார் ஒயர்களைக் கடித்தால் வேகம் எவ்வளவு என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாகை, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் எலி கடிக்காமலேயே கனெக்டர் பின்னில் பச்சை பூத்துவிடும், உப்புக்காற்றின் வேலை. கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

கியர் லீவரில் ஓ.டி. (ஓவர்டிரைவ், அதாவது டாப் கியர்) பட்டன் இருந்தால் அது ஆஃபில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதற்காகவே ஒர்க்‌ஷாப் போனவர்கள் உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் லாக்கப் வரவில்லையென்றால்தான் சொலினாய்டு, வால்வ் பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் அடங்கிய பாகம்), கடைசியில் கன்வெர்ட்டர்.

ஸ்கேனரில் வரும் கோடு (பிழைக் குறியீடு) என்ன சொல்லும்?

பி0740, பி0743 வந்தால் லாக்கப் சொலினாய்டின் மின்சுற்றைப் பாருங்கள்: ஒயர், கனெக்டர், காயில். பி0741 என்றால் கம்ப்யூட்டர் லாக் செய்யச் சொல்லியும் வழுக்குகிறது. ஆயில், சொலினாய்டு, வால்வு, பிளேட் எதுவும் காரணமாகலாம். பி0742 அதற்கு நேர் எதிர், லாக் விடவில்லை. பி0128 வந்தால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை, தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். பி0500 வேக சென்சார். பி0300இலிருந்து தொடங்கும் கோடுகள் எஞ்சின் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது.

பி0741 வந்ததுமே "கன்வெர்ட்டர் மாத்தணும்" என்பவர்களிடம் ஜாக்கிரதை. அந்தக் கோடு வழுக்குகிறது என்று மட்டும்தான் சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை.

60 – 70இல் மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி உதறுகிறது. ரோடு பட்டைமேல் ஓடுவது போல ஒன்றிரண்டு நொடி இருந்து நின்றுவிடுகிறது.

லாக்கப் பிளேட் பிடிக்கும்போது வழுக்கி, பிடித்து, வழுக்கி, பிடித்து என்று துடித்தால் இப்படித்தான் இருக்கும். முக்கியக் காரணம் பழைய ஆயில். ஏ.டி.எஃப். என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் பிளேட் எவ்வளவு வழுக்கலாம், எவ்வளவு பிடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ரசாயனங்கள் கலந்திருக்கும். சூட்டில் வருடக்கணக்காக ஓடினால் அவை செத்துவிடும். தவறான ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான்.

ஆனால் எஞ்சின் மிஸ்ஸிங்கும் இதே வேஷம் போடும், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லாக் ஆகாதபோது ஒரு சிலிண்டரின் சின்ன மிஸ்ஸிங்கை ஆயில் விழுங்கிவிடும். லாக் ஆனதும் அது நேராகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். பிரேக்கைத் தொட்டு லாக்கை விடுவித்தால் உதறல் போகிறதே, அப்போ லாக்கப்தான் என்று முடிவு செய்வார்கள். மிஸ்ஸிங்காக இருந்தாலும் அது அடங்கியதுபோலத்தான் தெரியும். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில். அடுத்து எஞ்சின் மவுண்டிங். அப்புறம்தான் கியர்பாக்ஸ் ஆயில்.

உதறலுக்கென்று கடையில் விற்கும் சின்ன டியூப் மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆயில் தேய்ந்ததால் வந்த உதறல் அதனால் கொஞ்ச நாள் அடங்கலாம். பிளேட்டே தேய்ந்திருந்தால் பலன் இல்லை. அந்தக் காசை நல்ல ஆயிலுக்குப் போடலாம்.

மழைவெள்ளத்தில் வண்டி நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கட்டாயம். டெல்டாவில் லாக்கப்பின் முதல் எதிரி தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்து ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடுவது நமக்குப் புதிதல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் தப்பித்துவிட்டால் வண்டி தப்பித்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கியர்பாக்ஸ் மேலே காற்று போய்வர ஒரு சின்னக் குழாய் உண்டு, பிரீதர் என்பார்கள். ஓடிச் சூடான கியர்பாக்ஸ் வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், அந்தக் குழாய் வழியாகவே தண்ணீரை இழுக்கும். லாக்கப் பிளேட்டின் உராய்வுப் பட்டை காகித நாரால் செய்து பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் நார் ஊறும், பசை விடும், பட்டை உரியும். உரிந்த துகள்கள் வால்வ் பாடிக்குள் போய் மற்ற வால்வுகளையும் அடைக்கும். கொஞ்சம் தண்ணீரே போதும். வெள்ளம் வடிந்து சில வாரம் நன்றாக ஓடி, பிறகு உதற ஆரம்பித்து, தையில் ஒர்க்‌ஷாப் வருபவர்கள் இந்த ரகம்.

தண்ணீர் ஆக்ஸில் உயரத்தைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினை ஓடவிடாமலே கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தை முதலில் பாருங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. உடனே வடித்து, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி வடித்து, நிறம் தெளியும் வரை திரும்பச் செய்ய வேண்டும். நாள் கடத்தினால் கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெள்ளத்திலேயே போகாத வண்டியில் அந்த நிறம் வந்தால்?

ரேடியேட்டரைப் பாருங்கள். பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது ஓட்டையானால் கூலண்ட் ஆயிலில் கலக்கும். கூலண்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். கடலோரப் பக்கத்தில் போர் தண்ணீரே உப்பு, ரேடியேட்டரை உள்ளிருந்து தின்னும். டிஸ்டில்ட் வாட்டர் கலந்த கூலண்ட் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். ரேடியேட்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஆயிலை எப்படிப் பார்ப்பது? எந்த ஆயில் ஊற்றுவது?

பெரும்பாலான கார்களில் சூடான நிலையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லாக் கியரிலும் ஒரு சுற்று நகர்த்தி பி-யில் வைத்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு, அவற்றை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். சிவப்பு நல்லது. பழுப்பு என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் பிளேட் தீய்ந்திருக்கிறது.

எந்த ஆயில் என்று கைப்புத்தகத்தில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள். ஐ10இன் 4 கியருக்கு எஸ்பி-3, பழைய ஹோண்டாவுக்கு இசட்1, அதற்குப் பதில் இப்போது வரும் டிடபிள்யூ-1. "எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டும் டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒருமுறை வடித்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். உதறல் முதல் தடவையிலேயே நிற்காவிட்டால் மனம் தளர வேண்டாம். கியர்பாக்ஸின் அடித்தொட்டிக் காந்தத்தில் நைசான சாம்பல் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் கிடந்தால் ஆயில் மாற்றுவதில் பலன் இல்லை.

"பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் கியர் போய்விடும்" என்பார்கள். ஏற்கெனவே கருகிப்போன கியர்பாக்ஸ்தான் அப்படிப் போகும், பழி ஆயில்மேல் விழும். அழுத்தம் கொடுத்து மிஷினில் அலசுவதைப் பழைய வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். வடித்து ஊற்றுவதே போதும்.

நிறுத்தப் போகும்போது வண்டி உதறி ஆஃப் ஆகிறது. நியூட்ரலில் நன்றாக இருக்கிறது.

லாக் விடவில்லை. கிளட்ச் மிதிக்காமல் பிரேக் பிடித்த மேனுவல் வண்டியின் நிலைதான் இது. நியூட்ரலிலும் ஆஃப் ஆனால், அல்லது ஏ.சி. போட்டால் மட்டும் ஆஃப் ஆனால், அது ஐடிலிங் பிரச்சினை. எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள்.

சொலினாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியும், வண்டி ஒரே கியரில் நிற்கலாம், பயப்பட வேண்டாம். ஆஃப் ஆவது நின்றால் கோளாறு ஒயரிலோ கம்ப்யூட்டர் உத்தரவிலோ இருக்கிறது. நிற்கவில்லையென்றால் சொலினாய்டு அழுக்கில் மாட்டியிருக்கிறது, அல்லது வால்வ் பாடியில் வால்வு சிக்கியிருக்கிறது. பல கார்களில் அடித்தொட்டியைக் கழற்றினால் சொலினாய்டு கைக்கு எட்டும், சில ஹோண்டாக்களில் வெளியிலேயே மாட்டியிருக்கும். இதற்கும் கியர்பாக்ஸ் இறக்கத் தேவையில்லை.

லாக் ஆகி விட்டு, ஆகி விட்டு என்று மாறிக்கொண்டே இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தி தடுமாறுகிறது. பிரேக் ஸ்விட்ச் விளிம்பில் நிற்கலாம், த்ராட்டில் சென்சார் ஒரே இடத்தில் தேய்ந்திருக்கலாம், கியர்பாக்ஸின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். யாரும் சந்தேகப்படாத ஒன்று ஆல்டர்னேட்டர். அதன் டயோடு போனால் சென்சார் சிக்னலில் குப்பை கலக்கும். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சார) வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பாருங்கள்; அரை வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

லாக்கப் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

உள்ளூருக்குள் கோயில், மார்க்கெட் என்று ஓடினால் உடனே ஒன்றும் ஆகாது. நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு 100இல் போவது வேறு. வழுக்கல் முழுதும் ஆயிலில் சூடாக ஏறும், நல்ல பிளேட்டுகளும் சேர்ந்து தீயும்.

கன்வெர்ட்டர்தான் போச்சு என்று உறுதியாகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் கிடைக்கிறதாம், வாங்கலாமா?

ஓடும் வண்டியிலிருந்து உங்கள் கண் எதிரே கழற்றினால் வாங்கலாம். மூலையில் கிடக்கும் செட் எந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. டிப்ஸ்டிக் குழாயில் சேறு, போல்ட்டுகளில் துரு, ஆயிலில் வெளுப்பு, எது தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். கன்வெர்ட்டரை அறுத்துத் திறந்து, பட்டை மாற்றி, மறுபடி வெல்டு செய்து பேலன்ஸ் பார்த்துத் தருபவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எதைப் போட்டாலும் கூலர் குழாய்களை அலசாமல் மாட்ட விடாதீர்கள். பழைய துகள் அதில் உட்கார்ந்திருக்கும், புது கன்வெர்ட்டருக்குள் நேராகப் போகும்.

வழியில் நின்றுவிட்டால் டிராக்டரில் கட்டி இழுத்து வரலாமா?

முன்சக்கரம் தரையில் உருளக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் ஓடாது, உள்ளே எல்லாம் வறண்டு உரசும். மேலே சொன்னவை எல்லாமே முன்சக்கர இழுவை வண்டிகள். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டி அல்லது மொத்தமாக ஏற்றும் பிளாட்பெட் சொல்லுங்கள். வயல் நடுவில் மாட்டி வேறு வழியே இல்லையென்றால், நியூட்ரலில் போட்டு, ரோட்டோரம் வரை ஆட்களை வைத்து மெதுவாகத் தள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம்.